டியூப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள்: ஆயில் பெயிண்ட் நிறமிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயில் பெயிண்ட் வாங்கும்போது பலரும் டியூப்பின் முன்பக்கத்தில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் அது பெரும்பாலும் விற்பனைக்கு வைத்த பெயர். உள்ளே என்ன நிறமி இருக்கிறது என்பதைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீடுதான் சொல்லும். பிபி 29 (PB 29) என்றால் அல்ட்ராமரைன் நீலம். பிபி 28 கோபால்ட் நீலம். முதல் எழுத்து பிக்மென்ட் (நிறமி) என்பதைக் குறிக்கிறது, அடுத்தது நிறக் குடும்பத்தை, இங்கே புளூ. எந்த நிறுவனத்தின் டியூப்பானாலும் குறியீட்டுக்குப் பொருள் ஒன்றுதான்.

சாப் கிரீன் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அந்தப் பெயரில் வெவ்வேறு கலவையை விற்கிறது. நேப்பிள்ஸ் யெல்லோ ஒரு காலத்தில் ஈயமும் ஆன்டிமனியும் சேர்ந்த நிறமி. இன்று அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வேறு நிறமிகளைக் கலந்து அந்தச் சாயலுக்குக் கொண்டு வந்தவை. பெயரோடு 'ஹியூ' என்று ஒட்டியிருந்தால், அசல் நிறமிக்குப் பதிலாக வேறொன்று இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அசல் கேட்மியம் சிவப்பு கீழே இருப்பதை நன்றாக மறைக்கும். அதன் ஹியூ பெரும்பாலும் அந்த அளவுக்கு மறைக்காது. இது தெரியாமல் வாங்கிவிட்டு, தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

ஒளி தாங்கும் திறனைப் பார்க்காமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. அலிசரின் கிரிம்சன், பிஆர் 83, ஆழமான அழகான சிவப்பு. 1868-ல் செயற்கையாக உருவாக்கப்பட்ட சாயத்திலிருந்து வருவது. வெள்ளை கலந்து இளஞ்சிவப்பாகவோ, மெல்லிய பூச்சாகவோ பயன்படுத்தினால் வெளிச்சத்தில் மங்கிவிடும். வான்கோ 1888-ல் வரைந்த படுக்கையறை ஓவியத்தின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் தீட்டியது வெளிர் ஊதா. அதில் கலந்திருந்த சிவப்பு மங்கிப்போய் நீலம் மட்டும் மிஞ்சியது. டியூப்பில் ஒளி தாங்கும் திறனுக்கான ஏஎஸ்டிஎம் (ASTM) தரம் 1 அல்லது 2 இருந்தால் நம்பலாம். 'பெர்மனென்ட்' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு பட்டையில் நிறத்தைத் தனியாகவும், வெள்ளை கலந்தும் பூசி, காய்ந்ததும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதம் வையுங்கள். பிறகு தாளை எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அப்புறம், கலவை. நீலமும் சிவப்பும் சேர்ந்தால் ஊதா என்று படித்திருக்கிறோம், இல்லையா? அல்ட்ராமரைனோடு கேட்மியம் சிவப்பைக் கலந்தால் வருவது மண்ணும் பழுப்பும் கலந்த ஒரு நிறம்தான். கேட்மியம் சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்தது. நீல ஒளியை அது திருப்பி அனுப்புவதே இல்லை. அதே அல்ட்ராமரைனோடு, நீலம் பக்கம் சாய்ந்த குவினாக்ரிடோன் மெஜந்தாவைக் கலந்து பாருங்கள், பளிச்சென்ற ஊதா வரும். இன்னொன்று: ஒரு டியூப்பிலேயே மூன்று நிறமிகள் இருந்து, அதோடு அதே போன்ற இன்னொன்றைக் கலந்தால் மொத்தம் ஆறு நிறமிகள் சேர்கின்றன. நிறம் சேறாகிப் போக அதுவே போதும். கூடுமானவரை ஒற்றை நிறமி டியூப்களையே வாங்குங்கள். தாலோ நீலம், பிபி 15, வேறு ரகம். ஒரு துளி போதும், பேலட் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பச்சை வேண்டுமென்றால் மஞ்சளை எடுத்து வைத்து, அதில் தாலோவைக் கத்தி நுனியளவு சேர்த்துக்கொண்டே வாருங்கள். தலைகீழாகச் செய்தால் மஞ்சள் டியூப் காலியாகும்.

வெள்ளையைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ஓவியத்தில் அதிகம் செலவாவதோ அதுதான். ஜிங்க் ஒயிட், அதாவது பிடபிள்யூ 4, மென்மையானது, ஓரளவு ஒளி ஊடுருவுவது. கலவையில் நிறத்தை அடித்துப்போடாது என்பதால் பலருக்கும் பிடிக்கும். ஆனால் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களோடு ஜிங்க் சேர்ந்து ஒருவகை சோப்பாக மாறுகிறது. பூச்சு நாளடைவில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், மேல் அடுக்கு பெயர்ந்து வரும். டைட்டானியம் ஒயிட் என்று எழுதிய டியூப்களிலும் பின்பக்கத்தில் பிடபிள்யூ 6-க்கு அருகே பிடபிள்யூ 4 இருப்பதுண்டு, கவனியுங்கள். டைட்டானியம் பலமாக மறைக்கும், ஆனால் கலவையைச் சுண்ணாம்பு பூசியது போல ஆக்கிவிடும். சிவப்பை வெளிச்சமாக்க ஒவ்வொரு முறையும் வெள்ளைதான் வேண்டும் என்பதில்லை. சில இடங்களில் கொஞ்சம் ஆரஞ்சோ மஞ்சளோ இன்னும் உயிரோடு இருக்கும்.

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் காயும் என்று நினைப்பதும் தவறு. ஆயில் பெயிண்ட் தண்ணீர் ஆவியாவது போலக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அதை வேகப்படுத்துவதும் தாமதப்படுத்துவதும் நிறமிகள். அம்பர் (umber) என்ற பழுப்பு மண் நிறத்தில் மாங்கனீஸ் இருப்பதால் அது சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் எண்ணெயை நிறையக் குடிக்கும், மெதுவாகவே காயும். அதை அடியில் தடிமனாகப் பூசி, மேலே சீக்கிரம் காயும் நிறத்தை வைத்தால், கீழே இன்னும் அசைந்துகொண்டிருக்க மேலே இறுகி வெடிப்பு விடும். அடி அடுக்குக்கு அம்பர் போன்ற மண் நிறங்களை மெல்லியதாக வையுங்கள். எண்ணெய் கூடுதலான பூச்சு மேலே வரட்டும்.

ஈயம், கேட்மியம் உள்ள நிறமிகளைக் கண்டு பயந்து ஓட வேண்டாம். ஆனால் தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள், காய்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடவே கூடாது. எண்ணெய் இறுகும்போது வெளிவரும் சூடு துணி மடிப்புக்குள் தேங்கி, அது தானாகவே தீப்பிடிக்கலாம். வேலை முடிந்ததும் மடிப்பில்லாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு வையுங்கள்.