விரை வலி வந்தால்: கடிகாரத்தைப் பார்ப்பது முதல் மருத்துவமனை போவது வரை

மலேசியத் தோட்டத்து வீடுகளில் ஆண்பிள்ளை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால் "சூடு பிடிச்சிருக்கு" என்பார்கள். இளநீர் வெட்டுவார்கள், கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவுவார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். வெறும் நீர்க்கடுப்பு என்றால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. விரை, அதாவது விதைக்கொட்டை, முறுக்கிக்கொண்டிருந்தாலோ, இந்த வைத்தியத்தில் கழியும் நேரத்தில் விரை செத்துக்கொண்டிருக்கும். அதனால் சூடா இல்லையா என்று பேசுவதற்கு முன் மணியைப் பாருங்கள்.

படி 1: வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

விரை வயிற்றிலிருந்து இறங்கும் ஒரு கொடியில் தொங்குகிறது. அதற்கு இரத்தம் போவது அந்தக் கொடிக்குள் இருக்கும் குழாய்கள் வழியாகத்தான். கொடி முறுக்கினால், ரப்பர் குழாய் மடங்கித் தண்ணீர் நிற்பதுபோல இரத்தம் நின்றுவிடும். 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் 10 பேரில் 9 பேருக்கு மேல் விரை பிழைக்கும். 12 மணி நேரம் ஆனால் பாதிப் பேருக்குத்தான். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டிவரும்.

12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு இது அதிகம், ஆனால் எந்த வயதிலும் வரலாம். அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நடு இரவில், தூக்கத்திலேயே தொடங்குவது சகஜம்.

படி 2: கேளுங்கள், பாருங்கள், அழுத்தாதீர்கள்

வெட்கத்தால் பையன் "வயிறு வலிக்குது" என்று மட்டும் அம்மாவிடம் சொல்வான். அப்பாவோ மாமாவோ தனியே கூப்பிட்டு, "கீழே வலிக்குதா? எந்தப் பக்கம்? எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுச்சு?" என்று நேராகக் கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்வியில்தான் பல நேரம் விரை தப்புகிறது.

திடீரென்று வந்த கடும் வலி, ஒரு பக்கம் மட்டும், குமட்டல் அல்லது வாந்தி, வலிக்கும் விரை மேலே ஏறி இருப்பது, குறுக்கே படுத்தாற்போல் தெரிவது: இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே கிளம்புங்கள். வலி வந்து, தானாக விட்டு, மறுபடி வந்தாலும் போக வேண்டும். கொடி முறுக்கிப் பிரிந்து விளையாடுகிறது, அடுத்த தடவை பிரியாமல் போகலாம். எண்ணெய் போட்டு நீவவே கூடாது. நீங்களே திருப்பிப் பார்க்கவும் கூடாது, தப்பான பக்கம் திருப்பினால் முறுக்கு கூடும்.

படி 3: கிளம்புங்கள்

அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு, மைலோ, தண்ணீர் எதுவும் தர வேண்டாம். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்பதை நினைவில் வையுங்கள். மைக்கார்டை (அடையாள அட்டையை) எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் கையெழுத்துப் போட அப்பாவோ அம்மாவோ கூடப் போக வேண்டும்.

"காலையில் கிளினிக் திறக்கட்டும்" என்று காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களுக்கு ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. கார் கிடைத்தால் உடனே ஏறுங்கள், கிடைக்காவிட்டால் 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். முகப்பில் கூச்சப்படாமல் மலாயில் சொல்லுங்கள்: "புவா ஸாக்கார் சாக்கிட், திபா-திபா, முலா புக்குல் டுவா பாகி." விரை வலி, திடீரென்று, அதிகாலை இரண்டு மணிக்கு என்று அர்த்தம். நேரத்தை மட்டும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் தொடையின் உட்புறத்தை வருடிப் பார்ப்பார். வருடும்போது அந்தப் பக்க விரை மேலே இழுபட வேண்டும், முறுக்கியிருந்தால் பெரும்பாலும் இழுபடாது. சந்தேகம் இருந்தால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமலே அறுவைக்குக் கொண்டுபோவார்கள். முறுக்கைப் பிரித்து, மறுபக்க விரையையும் சேர்த்துத் தைத்து நிறுத்துவார்கள், ஏனென்றால் அதுவும் முறுக்கக்கூடியது. ஒன்றை எடுக்க நேர்ந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் பொதுவாக ஆண்மைக்கோ பிள்ளைப் பேற்றுக்கோ தடையில்லை. இதைப் பையனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவன் மனதில் ஓடும் பயம் அதுதான்.

படி 4: மெல்ல வரும் வலி

ஓரிரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, சிறுநீர் எரிச்சலும் காய்ச்சலும் சேர்ந்தால் விரைக்குப் பின்னால் இருக்கும் எபிடிடிமிஸ் குழாயில் கிருமி ஏறியிருக்கலாம். அன்றோ மறுநாளோ அரசாங்கக் கிளினிக்குக்குப் போகலாம், குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். உடலுறவு கொள்ளும் 35 வயதுக்குக் கீழானவருக்கு இது பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் கிருமி, ஆகவே துணைக்கும் மருந்து வேண்டும். இரண்டு நாளில் வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கொடுத்த நாள் முழுக்கச் சாப்பிடுங்கள். இறுக்கமான உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைப்பது இரண்டும் வலியைத் தணிக்கும்.

செம்பனைக் குலை தூக்குபவருக்குக் கவட்டில் புடைப்பு வந்து, படுத்தால் உள்ளே போனால் குடலிறக்கம். போகாமல் கல்லாகி வாந்தியும் வந்தால் அவசரம். அடிபட்ட வலி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாலும், வீங்கினாலும் அவசரம். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவருக்கு விரைப்பைத் தோல் சிவந்து கறுத்து நாற்றமெடுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, அது உயிரைக் கொல்லும் தொற்று.

இடுப்பின் பக்கவாட்டிலிருந்து கவட்டுக்கு இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். நாளெல்லாம் நின்றபின் இடப்பக்கம் மந்தமாக வலித்து, படுத்தால் குறைந்தால் புடைத்த இரத்த நாளமாக இருக்கலாம். இந்த மந்த வலிக்குப் பதற்றம் வேண்டாம், கிளினிக்கில் காட்டினால் போதும்.

படி 5: மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள்

புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது. இளைஞர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, சிறுவயதில் விரை இறங்காமல் இருந்தவருக்கு ஆபத்து கூடுதல். வெந்நீர்க் குளியலுக்குப் பின் இரு விரலுக்கிடையே ஒவ்வொன்றையும் மெல்ல உருட்டிப் பாருங்கள். கல்போன்ற முடிச்சோ பாரமோ தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும் அந்த வாரமே காட்டுங்கள். ஒன்று மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பு. பின்பக்கம் நூல்சுருள்போல் மெத்தென்று படுவது எபிடிடிமிஸ், கட்டி அல்ல.