முதல் ரன்னிங் ஷூ: கடைக்குப் போகும் முன் காலை அளந்துகொள்ளுங்கள்

"எனக்கு எட்டாம் நம்பர்" என்று சொல்லி ஷூ வாங்குவதுதான் நம் பழக்கம். என் முதல் ரன்னிங் ஷூவை நானும் அப்படித்தான் வாங்கினேன். மூன்றே வாரத்தில் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. ஷூ நல்ல ஷூதான். நான் சொன்ன நம்பர்தான் தப்பு.

படி 1: சாயங்காலம் அளங்கள். நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் வீங்கும். சுவரோரம் ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரில் முட்டும்படி முழு எடையையும் போட்டு நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைவாக வரும். கோடு போட வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள், நீங்களே குனிந்தால் கால் நகர்ந்துவிடும். பென்சில் நேராக நிற்க வேண்டும். யூகே அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் சுமார் 8.5 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பென்சில் கொஞ்சம் உள்ளே சாய்ந்தாலே அரை நம்பர் போய்விடும். சிலருக்குப் பெருவிரலை விட இரண்டாவது விரல் நீளம். எது நீளமோ அதுவரை அளங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்கள்.

படி 2: அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களை விட நம் பாதங்கள் அகலமானவை என்று அதில் தெரியவந்தது. நம்மில் பலர் அகலம் பற்றாமல் நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம். அப்புறம் குதிகால் உள்ளே வழுக்கும். அகலமான மாடல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

படி 3: நம்பரைக் கம்பெனிக்குக் கம்பெனி சரிபாருங்கள். ஆண்கள் ஷூவில் யூகே 8 என்பது நைக்கியில் யூஎஸ் 9, அடிடாஸில் 8.5.

படி 4: ஓடும்போது போடும் சாக்ஸோடு கடைக்குப் போங்கள். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை (இன்சோல்) உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். இன்சோல் கழற்ற வராத மாடலாக இருந்தால் இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடுங்கள். கால்விரலுக்கு முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பாதத்தின் ஓரம் இன்சோலைத் தாண்டி வழியக் கூடாது. கண்ணாடி முன் நின்று பார்ப்பதைவிட இந்த அரை நிமிடம் அதிகம் சொல்லும். பிறகு இரண்டு ஷூவையும் போட்டு, லேஸ் இறுக்கிக் கடைக்குள் வேகமாக நடங்கள். "போடப் போட லூசாகிடும்" என்பார்கள். தோல் செருப்புக்கு அது சரி, துணியிலும் ரப்பரிலும் செய்த ஓட்டக் காலணிக்கு அதை நம்பாதீர்கள். இன்றைக்குக் கடித்தால் அது உங்கள் ஷூ இல்லை.

எதற்காக வாங்குகிறீர்கள் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். தட்டையான ரப்பர் அடியுள்ள ஸ்னீக்கர் வெளியே போய்வர அழகு, ஐந்து கிலோமீட்டர் ஓட ஆகாது. பேட்மின்டனுக்கு ரன்னிங் ஷூவும் வேண்டாம். உயரமான மெத்தை அடியோடு பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் மடங்கும்.

படி 5: வீட்டுக்கு வந்ததும் தெருவில் இறங்காதீர்கள். பெட்டியையும் டேக்கையும் பத்திரமாக வைத்துவிட்டு, துடைத்த தரையில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். எங்காவது உறுத்தினால், அடியில் மண் ஒட்டுவதற்கு முன்பே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.