லைன் தப்பா உடையுதா? எண்டர் தட்டி சரி பண்ணாதீங்க

மேனுவல், டெண்டர் ஸ்பெக், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், வேர்ட்ல எத டைப் பண்ணாலும் இந்த தொல்லை இருக்கும். வரியோட கடைசில 230 நிக்கும், வோல்ட் அடுத்த வரிக்கு போயிருக்கும். உடனே 230-க்கு முன்னாடி ஒரு எண்டர் தட்டி ரெண்டையும் கீழ தள்ளிடறாங்க. அன்னைக்கு பார்க்க நல்லாத்தான் இருக்கும், அப்புறம் யாராவது மேல ரெண்டு வார்த்தை சேர்ப்பாங்க, இல்லன்னா இன்னொரு கம்ப்யூட்டர்ல அந்த ஃபான்ட் இருக்காது, பாரா பாதில அறுந்து தொங்கும். ஷிஃப்ட் எண்டரும் அதே கதைதான். ரெண்டு ஓரமும் ஜஸ்டிஃபை பண்ண பாராவா இருந்தா வேர்ட் அந்த வரிய இழுத்து வச்சு வார்த்தைக்கு வார்த்தை ஓட்டை விட்டுடும். ஹெடிங்ல போட்டா பொருளடக்கத்துலயும் உடைஞ்சே வரும், அதுக்கு பதிலா ஹெடிங் ஸ்டைலோட வலது இன்டென்ட்ட (வலது ஓரத்துல விடற இடத்த) கூட்டிக்கலாம்.

எங்க உடைக்கணும்னு நாம சொல்லவே வேணாம், எதையெல்லாம் பிரிக்கக்கூடாதுன்னு மட்டும் சொன்னா போதும். எண்ணுக்கும் யூனிட்டுக்கும் நடுவுல சும்மா ஸ்பேஸ் விடாம கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூணையும் சேர்த்து அடிங்க (மேக்ல ஆப்ஷன், ஸ்பேஸ்), நான்-பிரேக்கிங் ஸ்பேஸ் விழும், ரெண்டும் எங்க போனாலும் ஒண்ணாத்தான் போகும். லிப்ரே ஆஃபீஸ்லயும் இதே கீதான். விழுந்துச்சான்னு பார்க்க வேர்டோட ஹோம் டேப்ல இருக்கற பாரா குறிய (¶) அழுத்துங்க, சாதா ஸ்பேஸ் புள்ளியா தெரியும், இது டிகிரி மாதிரி குட்டி வட்டமா தெரியும்.

டாக்குமென்ட் ஏற்கனவே ரெடின்னா உக்காந்து ஒவ்வொண்ணா மாத்த வேணாம், ஃபைண்ட்ல ஒரு ஸ்பேஸ் விட்டு மி.மீ.ன்னு போடுங்க, ரீப்ளேஸ்ல அந்த ஸ்பேஸுக்கு பதிலா கேரட் குறியும் சின்ன எஸ்ஸும் (^s), அப்புறம் மி.மீ., எல்லாம் ஒரே அடில மாறிடும்.

ஹைஃபன நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. தமிழ்ல எழுதறவங்களுக்கு இது ரொம்பவே படுத்தும், 2019-ல்னு எழுதினா வரி முடிவுல 2019-ன்னு நின்னுட்டு அடுத்த வரி வெறும் ல்-னு ஆரம்பிக்கும், பார்க்கவே கண்றாவியா இருக்கும். ஆர்எஸ்-232 (கருவிகள இணைக்கற ஒரு வகை போர்ட்) மாதிரி பேருக்கும் இதே கதி. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஹைஃபன் அடிச்சா அந்த ஹைஃபன்ல உடையாது.

"படம் 3ஐ பார்க்கவும்"னு வர்ற க்ராஸ் ரெஃபரன்ஸ்ல கைய வச்சு ஸ்பேஸ மாத்தறது வீண் வேலை, ஃபீல்ட (வேர்ட் தானா நிரப்பற இடத்த) அப்டேட் பண்ணா பழையபடி ஆயிடும். படத்துக்கு கீழ இருக்கற கேப்ஷன்லயே மாத்திட்டு எல்லா ஃபீல்டையும் அப்டேட் பண்ணுங்க, அது வழியா எல்லா இடத்துக்கும் போயிடும்.

கீ கெடச்சிருச்சுன்னு எல்லாத்தையும் ஒட்டி வைக்கவும் கூடாது. நாலஞ்சு வார்த்தைய சேர்த்து கட்டினா மொத்தமா அடுத்த வரிக்கு குதிக்கும், மேல் வரி காலியா கிடக்கும், டேபிளோட குறுகலான கட்டத்துல இன்னும் அசிங்கம்.

கமாண்ட், கோட் வர்ற இடத்துல மட்டும் இந்த ஸ்பேஸ தொடவே தொடாதீங்க. கண்ணுக்கு ஒண்ணா தெரிஞ்சாலும் டெர்மினலுக்கு (கமாண்ட் டைப் பண்ற விண்டோவுக்கு) அது வேற எழுத்து, படிக்கறவர் காப்பி பண்ணி ஒட்டினா எரர் அடிக்கும், எதனாலன்னு அவருக்கு புரியவே புரியாது. கமாண்ட் நீளமா இருந்தா தனி பாராவா போட்டு ஃபான்ட் சைஸ ஒரு பாயின்ட் குறைச்சுக்கோங்க.