வழுக்கும் டைமண்ட் கோர் பிட்டைத் தூக்கிப் போடாதீங்க

டைமண்ட் கோர் பிட் (கல்லில் வட்டமாக ஓட்டை போடும், நுனியில் வைரத் துணுக்கு பதித்த குழாய்) கருங்கல்லில் இறங்காமல் வழுக்க ஆரம்பித்தால், உடனே புதுசு வாங்க ஓடாமல், செங்கல்லிலோ மணற்கல்லிலோ தண்ணீர் விட்டபடி நாலைந்து ஓட்டை போட்டுப் பாருங்கள். நம்ம கொங்குப் பக்கத்துப் பாறை கெட்டி, வரும் தூளோ நைஸ். வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் அதில் தேயாமல், மேலே இருக்கும் வைரம் மட்டும் மழுங்கிவிடுகிறது. செங்கல்லின் சொரசொரப்பு அந்த உலோகத்தை அராவி, உள்ளிருக்கும் புது வைரத்தை வெளியே காட்டும். அடிக்கடி இப்படி ஆனால் அடுத்த தடவை மென்மையான உலோகப் பிணைப்புள்ள பிட்டாகக் கேட்டு வாங்குங்கள் (கெட்டிக் கல்லுக்கு மெத்துப் பிட், கேட்க வேடிக்கைதான்).

செக்மென்ட் (குழாய் நுனியில் இருக்கும் வைரம் பதித்த உலோகத் துண்டு) தேய்ந்து குழாய் தெரிந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். போர்வெல் வண்டியின் பட்டன் பிட்டுக்கு இது ஒத்துவராது, அதன் நுனியில் பொத்தான் போல இருக்கும் குமிழ்கள் வைரம் இல்லை, டங்ஸ்டன் கார்பைடு.