அட்டாச்டு பாத்ரூமைப் புதுப்பித்து ஷவரை நாமே மாட்டுவது எப்படி?

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் வீட்டில் ஷவர் வைக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "குற்றாலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இது எதுக்குப்பா?" என்று கேட்காத ஆள் இருக்க மாட்டார். சீசனில் சரி. மற்ற மாதங்களில், அதுவும் எட்டு மணிக்குள் வேலைக்குக் கிளம்புகிறவருக்கு அருவி எப்படி உதவும்?

ஷவரை மாட்டுவது அரை மணி நேர வேலைதான். பாத்ரூமைப் புதுப்பிப்பதில் காசும் கவனமும் கேட்பதெல்லாம் டைல்ஸுக்குப் பின்னால் மறைந்துபோகிற வேலை. அதனால் மூடப்போகிற எதையும் தண்ணீர் விட்டுச் சோதிக்காமல் மூடாதீர்கள். கீழே வருகிற படிகள் எல்லாமே இதை வைத்துத்தான்.

குழாய் வேலை, வாட்டர்ப்ரூஃபிங், ஷவர், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாய் எல்லாம் புதியவரும் நிதானமாகச் செய்யக்கூடியவை. கரண்ட் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். தரை டைல்ஸுக்குக் கொத்தனார் வைத்துக்கொள்வது நல்லது. நம் பக்கத்துக் கொத்தனார்களில் பலர் மலை தாண்டி புனலூர், கொல்லம் என்று வேலைக்குப் போய்விடுவதால், முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் ஆள் கிடைக்கும். மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல், அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. இந்த ஈரத்தில் பூச்சு லேசில் காயாது. பிப்ரவரி முதல் மே வரைதான் தோதான காலம்.

முதலில் பிரஷர்

கடைக்குப் போய்ப் பெரிய மழை ஷவரைப் பார்த்து மயங்குவதற்கு முன், வீட்டு டேங்கைப் பாருங்கள். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில் மொட்டை மாடித் தளத்துக்கு மேல் மூன்றடி மேடையில் டேங்க் இருந்தால், அதன் அடிமட்டத்துக்கும் ஷவர் முகத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர்தான் இருக்கும். அதாவது 0.2 பார். இந்த அழுத்தத்தில் எட்டு அங்குலத் தட்டு ஷவர் சொட்டுப் போடும், அவ்வளவுதான்.

பாத்ரூம் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்து பாருங்கள். எட்டு லிட்டருக்குக் கீழே வந்தால் மூன்று வழி இருக்கிறது. டேங்கிலிருந்து இறங்கும் குழாயை ஒரு அங்குலமாக மாற்றி, பாத்ரூம் வாசல் வரை முக்கால் அங்குலம் கொண்டுவரலாம். டேங்க் மேடையை உயர்த்தலாம். இல்லையென்றால் டேங்கிலிருந்து வருகிற குழாயில் அரை ஹெச்பி பிரஷர் பம்ப் வைக்கலாம். எதுவும் வேண்டாம் என்றால் நான்கு அங்குலச் சின்ன ஷவர் வாங்குங்கள், நிம்மதி.

சுவரில் கோடு

பழைய தரையை நம்பி அளவெடுக்கக் கூடாது, புதுத் தரையின் உயரம் மாறிவிடும். அதனால் டியூப் லெவல் பிடித்து நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். புதுத் தரை அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே வரும் என்று முடிவு செய்துகொண்டு, எல்லா உயரத்தையும் அந்தக் கோட்டிலிருந்தே அளந்து குறியுங்கள்.

ஷவர் கை புதுத் தரையிலிருந்து ஆறே முக்கால் முதல் ஏழடி வரை வரலாம். மிக்சர் மூன்று முதல் மூன்றரை அடியில். இரண்டு குழாய் வாய்களுக்கும் நடுவே மையத்திலிருந்து மையம் 6 அங்குலம், இடது பக்கம் வெந்நீர், வலது பக்கம் பச்சைத் தண்ணீர். நம் வீடுகளில் ஷவர் இருந்தாலும் வாளி இல்லாமல் முடியாது. ஆகவே கீழே குழாய் மூக்கு உள்ள மிக்சரையே வாங்குங்கள், அடியில் வாளி நிற்கிறதா என்று ஒரு வாளியை வைத்தே பாருங்கள். சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் வால்வு) பார்க்க அழகு. ஆனால் உள்ளே ஒழுகினால் டைல்ஸை உடைக்க வேண்டும். முதல் தடவை செய்கிறவருக்கு அது வேண்டாம்.

உடைப்பு

மெயின் வால்வை மூடுங்கள், பாத்ரூமுக்குப் போகும் எம்சிபியை (கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்குங்கள், கிளாசெட் வாயிலும் தரைத் துவாரத்திலும் துணி மூட்டையை அடைத்துவிடுங்கள். கண்ணாடி, மாஸ்க், ஷூ இல்லாமல் உள்ளே போகாதீர்கள், டைல்ஸ் சில்லு கத்தி மாதிரி கிழிக்கும். மேல் வரிசையிலிருந்து கீழே வாருங்கள். தரையில் பழைய கலவையையும் கொத்தி எடுத்துவிட வேண்டும், பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டும் யோசனை இங்கே வேண்டாம்.

குழாயைப் புதைக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டும்போது செங்குத்துக் காடியின் ஆழம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, கிடைக்காடி ஆறில் ஒரு பங்கு. தூண், பீம் பக்கம் உளியே போகக் கூடாது. செங்கோட்டை பழைய தெருக்களில் சுண்ணாம்புக் காரைச் சுவர் உள்ள வீடுகள் உண்டு. அந்தச் சுவர்களில் பிரேக்கர் மிஷின் போட்டால் மறுபக்கப் பூச்சு உதிர்ந்து விழும். கிரைண்டரால் இரண்டு கோடு கிழித்து, நடுவிலிருப்பதைக் கையாலேயே உளி வைத்து எடுங்கள்.

குழாய்

வெந்நீருக்கு, சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி குழாய்தான் போட வேண்டும். சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும். இரண்டு லைனுக்கும் சிபிவிசியே போட்டுவிட்டால் குழப்பம் இல்லை. வாய் வரும் இடத்தில் பித்தளைத் திரெட் உள்ள எல்போ வாங்குங்கள், பிளாஸ்டிக் திரெட் நாளடைவில் தேய்ந்துவிடும்.

குழாயை நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிரைச் சுரண்டிவிடுங்கள். துணியால் துடைத்து, சிபிவிசிக்கான சால்வென்ட் சிமெண்டைக் குழாயின் வெளியிலும் ஃபிட்டிங்கின் உள்ளேயும் மெல்லியதாகத் தடவி, நுழைக்கும்போதே கால் சுற்று திருப்புங்கள். அப்படியே அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், விட்டால் குழாய் மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். ஒட்டிய இடத்தைச் சுற்றிலும் சீரான வளையம் போலப் பசை தெரிந்தால் இணைப்பு சரி.

ஒரு நாள் காய விட்டு, எல்லா வாயிலும் டம்மி பிளக் போட்டு, தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பிரஷர் பம்ப் வைக்கப் போகிறீர்கள் என்றால் பிளம்பரிடம் கைப் பம்ப் வாங்கி அழுத்தம் ஏற்றியே பாருங்கள். இன்னொரு முழு நாள் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரிந்துவிடும். அதற்கு அப்புறம்தான் காடியை மூட வேண்டும். மூடுவதற்கு முன் குழாய் போகும் தடத்தை அளவு டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னாளில் கண்ணாடி மாட்ட ட்ரில் போடும்போது கை கொடுக்கும்.

வாட்டமும் வாட்டர்ப்ரூஃபிங்கும்

இங்கேதான் அவசரப்படவே கூடாது. அட்டாச்டு பாத்ரூமில் கசிவு வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது படுக்கையறைச் சுவர். பீரோவுக்குப் பின்னால் பெயிண்ட் கொப்பளித்த பிறகுதான் நமக்கே தெரியும்.

வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவை, டைல்ஸில் கொடுத்துக்கொள்ளலாம் என்று கொத்தனார் சொல்வார், சம்மதிக்காதீர்கள். அடிக்கலவையிலேயே, தரைத் துவாரத்தில் வைக்கும் நானி ட்ராப் பக்கம் 80க்கு 1 என்ற கணக்கில் வாட்டம் வர வேண்டும். எட்டடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலம் இறங்கினால் சரி. டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீரும் அப்போதுதான் ட்ராப்பைத் தேடி ஓடும். கலவை காய்ந்ததும் ஒரு கோலிக்குண்டை நான்கு மூலையிலிருந்தும் உருட்டிவிடுங்கள், வழியில் நின்றால் அங்கே பள்ளம்.

சுவரும் தரையும் சேரும் மூலையைக் கூராக விடாமல் கலவையால் சரிவாக உருட்டிப் பூசுங்கள். காய்ந்ததும் பொடியும் திரவமுமாக வருகிற இரண்டு பாக வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கைக் கலந்து, தரையை ஈரப்படுத்திக்கொண்டு பிரஷால் அடிக்க வேண்டும். முதல் கோட் நீளவாட்டில், அது காய்ந்ததும் இரண்டாவது கோட் குறுக்குவாட்டில். மூலைகளிலும் ட்ராப்பைச் சுற்றியும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதித்துவிடுங்கள். சுவரில் சுற்றிலும் ஒரு அடி ஏற்றினால் போதும், ஷவர் வரும் மூலையில் மட்டும் ஆறடி வரை ஏற்றுங்கள்.

பாக்கெட்டில் சொன்ன நாள் வரை காய விட்டு, ட்ராப்பை அடைத்து, வாசலில் சின்னக் கரை கட்டி, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். 48 மணி நேரம் நிற்க வேண்டும். வெயிலில் துளி குறைவது இயல்பு. கோட்டைவிட்டு நன்றாக இறங்கியிருந்தாலோ, கீழ்த்தளத்துக் கூரையிலோ பக்கத்து அறைச் சுவரின் அடியிலோ ஈரம் தெரிந்தாலோ, டைல்ஸ் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

டைல்ஸ், கரண்ட்

தரைக்குச் சொரசொரப்பான மேட் டைல்ஸ், ஒரு அடிக்கு ஒரு அடி போதும். பெரிய டைல்ஸில் வாட்டம் கொண்டுவருவது சிரமம். சுவரின் செராமிக் டைல்ஸைச் சிமெண்டில் ஒட்டுவதாக இருந்தால் ஊற வைக்க வேண்டும், டைல் பசையில் ஒட்டினால் ஊற வைக்கத் தேவையில்லை. ஒட்டியதும் தட்டிப் பாருங்கள், டொக்கு சத்தம் வந்தால் எடுத்துத் திரும்ப ஒட்டுங்கள். பாத்ரூம் தரை படுக்கையறைத் தரையைவிட அரை அங்குலமாவது கீழே இருக்கட்டும். ஷவர் மூலையில் டைல்ஸ் இடுக்கை நிரப்ப எபாக்சி க்ரவுட் போடுங்கள், காசு கூடத்தான், ஆனால் கறுக்காது.

15 லிட்டர், 2 கிலோவாட் கீஸர் 9 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட், 4 சதுர மில்லிமீட்டர் வயர், தனி எம்சிபி, ஒழுங்கான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி எல்லாம் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். ஆர்சிசிபியை மட்டும் "அது எதுக்கு சார்" என்று தட்டிக் கழிக்க விடாதீர்கள்.

ஷவர்

டம்மி பிளக்கைக் கழற்றி, ஷவரை மாட்டாமலே ஒரு வாளி தண்ணீரைத் திறந்துவிடுங்கள். உள்ளே தங்கிய மணலும் பிளாஸ்டிக் துருவலும் வெளியே வந்துவிடும், இல்லாவிட்டால் ஷவர் துளையைப் போய் அடைக்கும்.

மிக்சரோடு வருகிற இரண்டு வளைந்த கால்களிலும் டெஃப்லான் டேப் சுற்றுங்கள். திரெட் உங்களைப் பார்த்தபடி இருக்க, கடிகார முள் போகும் திசையில் இழுத்து இழுத்து எட்டு, பத்து சுற்று. திருப்பிச் சுற்றினால் முறுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். இரண்டு காலையும் முறுக்கி, ரசமட்டம் வைத்து ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். இறுக்கிய பிறகு பின்னால் திருப்பக் கூடாது, திருப்பினால் டேப்பைப் பிரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். மூடித் தட்டுகளைப் போட்டு, வாஷர் வைத்து மிக்சரை மாட்டி, நட்டைத் துணி சுற்றி ஸ்பானரால் இறுக்குங்கள், அப்போது குரோம் கீறாது. வாய் டைல்ஸுக்குள் ஆழமாகப் போயிருந்தால் கடையில் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் கிடைக்கும். ஷவர் கையையும் இதே மாதிரிதான் மாட்ட வேண்டும். முகத்தை மட்டும் கையாலேயே முறுக்கினால் போதும்.

தண்ணீரைத் திறந்து, இணைப்புகளைத் துடைத்துக் கால் மணி நேரம் பார்த்த பிறகு, மூடித் தட்டைச் சுற்றியும் மூலைகளிலும் சிலிகான் போடுங்கள். அது காய ஒரு நாள் ஆகும், அன்று மட்டும் வாளிக் குளியலை வேறு எங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். போர் தண்ணீர் வீடாக இருந்தால் சில மாதங்களில் துளைகளில் வெள்ளையாக உப்புப் படியும். பாலித்தீன் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் முகம் முங்கும்படி சில மணி நேரம் கட்டிவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் போய்விடும்.