கின்ஸாவில் ஒரு சனிக்கிழமை: மதியம் சுஷி, மாலை கபுகி

ஜப்பான் வரித்துறை ஆண்டுதோறும் வெளியிடும் நில மதிப்புப் பட்டியலில், பல பத்தாண்டுகளாக நாட்டிலேயே அதிக விலை டோக்கியோவின் கின்ஸாவில் உள்ள ஒரு கடைவாசலுக்குத்தான். அங்கே நகைக்கடை இருக்கும் என்று நினைப்பீர்கள். இருப்பது கியூகியோதோ. ஊதுபத்தியும் தூரிகையும் கைக்காகிதமும் விற்கும் கடை, 1663-இல் கியோத்தோவில் தொடங்கியது. உள்ளே போக யாரும் காசு கேட்பதில்லை. ஒரு அஞ்சலட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாலும் அதே மரியாதையோடு உறையில் போட்டுத் தருவார்கள்.

கின்ஸா என்றாலே நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது என்று ஒதுங்குபவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. இங்கே இரவு வேறு, பகல் வேறு. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு மதியத்தைப் பிடித்துக்கொண்டால் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முதல்முறை போகிறவர்கள் இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

படி 1: சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் பகல் 12 மணியிலிருந்து மாலை வரை கின்ஸாவின் முக்கியத் தெருவான சுவோ சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நடுரோட்டில் நாற்காலி போட்டுவிடுவார்கள். 1970-இலிருந்து இப்படித்தான். ஞாயிறும் அதே வசதிதானே என்று கேட்கலாம். தொயோசு மீன் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, அதனால் நல்ல சுஷிக் கடைகள் பலவும் அன்று மூடியிருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது சனியன்றுதான்.

படி 2: மதியச் சாப்பாட்டுக்கு இடம் பிடியுங்கள்

எட்டுப் பத்துப் பேர் மட்டும் உட்காரும் சுஷி கவுண்டர்கள் கின்ஸாவில் ஏராளம், பெரும்பாலும் கட்டடங்களின் அடித்தளத்திலோ ஐந்தாவது ஆறாவது மாடியிலோ இருக்கும். இரவில் தலைக்கு 30,000 யென்னைத் தாண்டுவது சகஜம். மதியம் திறக்கும் கடைகளில் அதே கைக்கு, அதே மீனுக்கு, அதைவிட மிகக் குறைவாகக் கொடுத்தால் போதும். வகைகள் சில குறையும், அவ்வளவுதான்.

முன்பதிவு இணையத்தில் நடக்கும், அல்லது தங்கும் விடுதியின் வரவேற்பில் சொன்னால் போன் செய்து தருவார்கள். விலை உச்சத்தில் இருக்கும் கடைகளில் சில, அறிமுகம் இல்லாதவர்களை ஏற்பதே இல்லை. உலகப் புகழ்பெற்ற சுகியபாஷி ஜிரோ இங்கேதான் இருக்கிறது. பொதுமக்கள் பதிவு செய்ய முடியாத கடை என்பதால் 2019-இல் உணவக வழிகாட்டியான மிஷலின் அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்தக் கடைக்காக ஏங்கி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பதிவு செய்த பிறகு வராமல் போனால் முழுப் பணமும் பிடித்துக்கொள்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது: உங்கள் பெயரைச் சொல்லித்தான் காலையில் மீன் வாங்கியிருப்பார்கள்.

படி 3: வெள்ளி பகல் 12 மணிக்கு கபுகி சீட்டு

கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்துக்கான கபுகிஸா அரங்கில் ஒரு முழு நிகழ்ச்சி இடைவேளைகளோடு நான்கு மணி நேரம்கூட ஓடும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய சோதனை. அதற்காகவே ஒரே ஒரு அங்கம் மட்டும் பார்க்க நான்காவது மாடியில் தனி இருக்கைகள் வைத்திருக்கிறார்கள். முந்தைய நாள் பகல் 12 மணிக்கு இணையத்தில் விற்பனை தொடங்கும். அங்கத்தின் நீளத்தைப் பொறுத்து விலை மாறும், பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் யென்னுக்குள் முடிந்துவிடும்.

பெரும்பாலான மாதங்களில் காலை ஆட்டம் 11 மணிவாக்கில், மாலை ஆட்டம் நாலரைவாக்கில். நமக்கு மாலை ஆட்டத்தின் முதல் அங்கம் சரியாக வரும். நடன அங்கமாக இருந்தால் இன்னும் நல்லது. கதை புரியாவிட்டாலும் கண் போதும்.

படி 4: கவுண்டரில் உட்கார்ந்த பிறகு

ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள், அரை மணி முன்னால் வேண்டாம். வாசனைத் திரவியம் போடாதீர்கள். மீனின் மணம் அத்தனை மெல்லியது, பக்கத்து இருக்கைக்காரர் சாப்பாடும் கெட்டுப்போகும். கைக்கடிகாரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். அந்த மரப் பலகையில் கீறல் விழுந்தால் அவர்களுக்கு மனசு தாங்காது.

சூடான ஈரத்துணி தருவார்கள். அது கைக்கு, முகம், கழுத்து எல்லாம் துடைக்க வேண்டாம். சரி, இனி சாப்பாடு. ‘ஒமகசே’ என்றால் தேர்வைச் சமையல்காரரிடமே விட்டுவிட்டீர்கள். அவர் சோற்றை உள்ளங்கையில் ஓரிரு முறை திருப்பி அழுத்துவார், மேலே மீன், அதன்மேல் தூரிகையால் சோயா சாறு ஒரு பூச்சு. அப்படிப் பூசி வைத்ததை மறுபடி சாறில் தோய்க்கக் கூடாது. சோறு உடம்புச் சூட்டில் இருக்கும், வைத்த உடனே எடுத்து ஒரே வாயில் போடுங்கள். கையால் சாப்பிடலாம், நமக்கு அது பழக்கம்தானே. போட்டோ எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று ஆறவிடுவதைத்தான் அவர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். எதற்கும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொஹாதா வரும்போது கவனமாகச் சாப்பிடுங்கள். மத்தியை நினைவூட்டும் வெள்ளித் தோல் மீன் அது. உப்பில் ஊறவைத்து, கழுவி, வினிகரில் போட்டு எடுப்பார்கள். உப்பு எத்தனை நிமிடம் என்பது அன்றைய மீனின் கொழுப்பையும் பருவத்தையும் பொறுத்தது. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த, ஐஸ்பெட்டி இல்லாத பழைய காலத்தில் மீன் கெடாமல் இருக்கச் செய்த வேலைகள் இவை: கொஹாதாவுக்கு வினிகர், சூரைக்கு சோயா ஊறல், கடல் விலாங்குக்கு வேகவைத்துப் பாகுபோன்ற சாறு. ஒரு கடையின் தரத்தைச் சூரையை வைத்துப் பார்க்காதீர்கள். பணம் இருந்தால் யாரும் நல்ல சூரை வாங்கலாம். கொஹாதாவில்தான் கைவேலை தெரியும்.

சாப்பிடும் குச்சியைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். இரண்டும் சாவுச் சடங்கில் செய்பவை. டிப்ஸ் கிடையாது. சில கடைகளில் பில்லிலேயே 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும்.

சைவக்காரர்களுக்கு

உங்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். கண்ணுக்கு மீனே தெரியாத பண்டத்திலும் ‘தாஷி’ என்ற காய்ந்த மீன் சாறு இருக்கும். மிசோ சூப், காய்கறி டெம்புராவுக்கான தொடுசாறு, சோற்றை உள்ளே வைத்த இனிப்பு டோஃபு உறை என எதிலும் இருக்கலாம். கோயில் மரபில் வந்த சைவச் சாப்பாடான ‘ஷோஜின்’ உணவு தரும் கடையை முன்பே தேடிப் பதிவு செய்வதுதான் பாதுகாப்பு. பசி பொறுக்காவிட்டால், கபுகிஸாவுக்கு அருகிலேயே 1949-இல் திறந்த நாயர் உணவகம் இருக்கிறது. தொடங்கியவர் கேரளத்திலிருந்து வந்த விடுதலைப் போராட்டக்காரர் ஏ.எம். நாயர். அங்கே பிரபலமானது கோழிச் சாப்பாடு என்பதால் சைவம் என்னவெல்லாம் உண்டு என்று கேட்டுத்தான் உட்கார வேண்டும். ஜப்பானியர்களிடம் எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து சாப்பிடுங்கள் என்று பரிமாறுபவர்கள் சொல்வதைக் கேட்க நமக்கு வேடிக்கையாக இருக்கும்.

படி 5: பிற்பகல் சுற்றல்

நான்கு முனைச் சந்திப்பில் வாகோ கடையின் மணிக்கூண்டு, 1932-இல் கட்டியது. பக்கத்தில் கிமுராயா பேக்கரி. அரிசி மாவுப்புளிப்பில் பொங்கவைத்த பன்னுக்குள் இனிப்புப் பயறு வைத்து 1874-இலிருந்து விற்கிறார்கள். உப்பிலிட்ட செர்ரிப் பூ பதித்த வகையை வாங்குங்கள். நடந்துகொண்டே தின்ன வேண்டாம், ரோட்டில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கின்ஸா சிக்ஸ் என்ற ஆடம்பர வணிக வளாகத்தின் அடித்தளத்தில் கன்சே நோ நாடக அரங்கு இருக்கிறது. மேலே ஐரோப்பியக் கைப்பைகள், கீழே பல நூற்றாண்டு முகமூடிக் கலை. நோ வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், மிக மெதுவானது. காபிக்கு 8-ஆம் வட்டாரத்தில் உள்ள கஃபே த லாம்ப்ர் போங்கள். 1948-இலிருந்து காபி மட்டும்தான். ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழக்கிய கொட்டையில் போட்ட காபியும் கிடைக்கும்.

படி 6: கபுகிஸா

ஹிகாஷி கின்ஸா சுரங்க ரயில் நிலையத்தின் 3-ஆம் வாசலில் ஏறினால் அரங்கின் முன்னால் வருவீர்கள். 1889-இல் தொடங்கியது. இப்போதைய கட்டடம் ஐந்தாவது, கென்கோ குமா வடிவமைத்து 2013-இல் திறந்தது. அடித்தளச் சந்தையில் சீட்டில்லாமலே சுற்றலாம். ஆங்கில வசனக் கருவி வாடகைக்குக் கிடைக்கிறதா என்று நுழையும்போதே கேளுங்கள்.

நான்காவது மாடியிலிருந்து, பார்வையாளர் நடுவே ஓடும் ஹனாமிச்சி என்ற நடைமேடை முழுதாகத் தெரியாது. அந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதற்குப் பதிலாக, மேடையின் வலது ஓரத்தைப் பாருங்கள். கறுப்பு உடையில் ஒருவர் மண்டியிட்டு, இரண்டு கட்டைகளால் பலகையை அடித்துக்கொண்டிருப்பார். ஓட்டம், சண்டை, ஒரு பொருள் கீழே விழுவது எல்லாவற்றுக்கும் சத்தம் அவர் கையில். நடிகர் தலையைச் சுழற்றிக் கண்ணைக் குவித்து உறைந்து நிற்கும் நொடியில் அந்த அடி வேகமெடுக்கும். அப்போது மேல்மாடியிலிருந்து யாராவது நடிகரின் குலப்பெயரைக் கத்துவார்கள். அது ரசிகர்களின் நீண்ட பழக்கம், நேரம் தப்பினால் காட்சி கெடும். நீங்கள் கை தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெண்வேடங்களிலும் வழக்கமாக ஆண்கள்தான் என்பதை ஞாபகம் வைத்துப் பார்த்தால் மணிக்கட்டு அசைவுகூட வேறாகத் தெரியும்.

அங்கம் முடிந்து வெளியே வந்தால் கடைகள் மூட இன்னும் நேரம் இருக்கும். மித்சுகோஷி டிபார்ட்மென்ட் ஸ்டோரின் அடித்தள உணவுப் பகுதிக்குப் போங்கள். மூடும் நேரம் நெருங்க நெருங்க சாப்பாட்டுப் பெட்டிகளில் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்குவார்கள். இரவுச் சாப்பாட்டை அங்கே வாங்கி விடுதி அறையில் சாப்பிடுங்கள்.