ஸ்னாப் கேப் போட்டு டிரை ஃபயர் பழகுவது எப்படி?

தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவதுதான் டிரை ஃபயர். அதற்கு உதவும் போலித் தோட்டாதான் ஸ்னாப் கேப். அளவும் வடிவமும் அசல் மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து கிடையாது. பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பிரிங்கோ ரப்பரோ இருந்து, தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னின் அடியைத் தாங்கிக்கொள்ளும்.

9 எம்.எம். பிஸ்டலுக்கு 9 எம்.எம். கேப்தான் வாங்க வேண்டும். .22 ரிம்ஃபயர் என்றால் கொஞ்சம் கவனம். அதில் பின் அடிப்பது தோட்டாவின் விளிம்பில். அதனால் காலியாக இழுத்தால் சில மாடல்களில் சேம்பரின் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் இடம்) ஓரத்திலேயே மோதிக் குழி விழும். .22-க்கு விற்கும் போலித் தோட்டாக்களிலும் சில, ஏற்றி இறக்கிப் பழக மட்டும்தான். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

இனி காலி செய்வது. இங்கே அவசரமே கூடாது. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, விரலை டிரிகரில் படாமல் வைத்து, முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் பெட்டி) கழற்றுங்கள். அப்புறம்தான் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும், மேகசினில் இருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். நீங்களோ காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் தடவியும் பாருங்கள். ரிவால்வரில் ஒவ்வொரு அறையாகப் பார்க்க வேண்டும்.

அசல் தோட்டாக்கள் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவது கணக்கில் சேராது.

ஸ்னாப் கேப்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தே மேகசினில் ஏற்றுங்கள். பளிச்சென்ற நிறத்தில் இருப்பவை நல்லது. பித்தளை நிறத்தில் வருபவற்றை நான் தொடுவதே இல்லை. தவறிச் சுட்டாலும் குண்டைத் தடுக்கக்கூடிய சுவரை நோக்கி இலக்கை ஒட்டுங்கள். மெல்லிய தடுப்புச் சுவர் உதவாது.

இப்போது முன் சைட்டில் (குழல் முனையின் மேல் இருக்கும் குறிபார்க்கும் மேடு) கண்ணை வைத்து, டிரிகரை நேராகப் பின்னோக்கி மெதுவாக அழுத்துங்கள். 'டிக்' என்று கேட்கும் நொடியில் முன் சைட் இடது பக்கமோ கீழேயோ துள்ளுகிறதா? அந்தத் துள்ளலைக் குறைப்பதுதான் பயிற்சியே. முன் சைட் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் அழுத்திப் பாருங்கள். எனக்கு முதல் நாள் பத்துக்கு எட்டு முறை விழுந்தது. ஸ்டிரைக்கர் வகைப் பிஸ்டல்கள் (சுத்தியல் இல்லாமல் உள்ளே ஸ்பிரிங்கில் இயங்கும் ஊசி உள்ளவை) பலவற்றில் ஒவ்வொரு முறையும் ஸ்லைடை இழுத்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், களைத்த கை கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

முடிக்கும்போது "பயிற்சி முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லி, இலக்கைக் கழற்றிவிடுங்கள். கேப்களை எண்ணிப் பெட்டியில் போடுங்கள். விளிம்பு பிய்ந்தவற்றைத் தூக்கி எறியலாம். அசல் தோட்டா மறுபடி துப்பாக்கிக்குள் போன பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று ஆசை வரும். அப்படித்தான் வீட்டுச் சுவர்களில் ஓட்டை விழுகிறது.